பரம்பரையலகு: ஒரு சொல்லும் ஒரு வயற்காணியும்

தமிழில் அறிவியல் எழுத முனைகின்றவர்களுக்குக் கலைச்சொற்களால் வருகின்ற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கிலத்தார் ‘ஜீன்’ என்று ஓரசையில் சொல்லிவிட்டுப் போவதைத் தமிழகத்தார் ‘மரபணு’ என்கின்றனர். இலங்கைப் பாடநூல்களோ ‘பரம்பரையலகு’ என்கின்றன. இரண்டும் குற்றமற்ற சொற்களே. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் கூறு என்ற கருத்தை இரண்டும் தெளிவாகவே சுமக்கின்றன. ஆனால் அந்தத் தெளிவே சில இடங்களில் விபரீதமாகிவிடுகின்றது. வகுப்பறையில் பொருள் தருகின்ற சொல், வைத்தியசாலையில் கையில் ஒரு காகிதத்துடன் நிற்கின்ற குடும்பத்துக்கு வேறொன்றைச் சொல்லிவிடுகின்றது.

நான் பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன். விஞ்ஞானத்தோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் மருத்துவச் செய்திகளை மொழிபெயர்த்திருக்கின்றேன், அவ்வளவுதான். இருந்தும் இந்தப் பதிவில் பெருங்குடற் புற்றுநோயைப் பற்றியும் அதில் ‘கே-ராஸ்’ என்ற ஒரு பரம்பரையலகு செய்கின்ற வேலையைப் பற்றியும் எழுதத் துணிகின்றேன். காரணம், எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல் ஒரு வயற்காணியையும் ஒரு கல்யாணத்தையும் ஏறக்குறைய விழுங்கிவிட இருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகின்றேன்.

முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிடுகின்றேன். 1964இல் ஜெனிபர் ஹார்வி என்ற பெண் விஞ்ஞானியும், 1967இல் வெர்னர் கேர்ஸ்டன் என்ற நோயியல் நிபுணரும் எலிகளில் ஒருவகைப் புற்றை உண்டாக்குகின்ற வைரஸ்களைத் தனித்தனியே கண்டறிந்தனர். ‘ராஸ்’ என்ற பெயர் ‘எலியின் சார்க்கோமா’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதன் முன்னால் வருகின்ற ‘கே’ கேர்ஸ்டனின் பெயரிலிருந்து வந்தது. எலி வைரஸில் இருந்த இந்தப் பரம்பரையலகு, மனிதப் புற்றுக்கட்டிகளிலும் சிதைந்த வடிவில் இருக்கின்றது என்பது 1982இல் தெரியவந்தது. அன்றைக்கு விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது அந்தச் சிதைவின் சிறுமைதான். ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதச் சங்கிலியின் 12ஆம் இடத்திலிருந்த ‘கிளைசின்’ என்ற அமினோ அமிலம் மாறி வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஏறத்தாழ 189 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒன்றே ஒன்று! அச்சுப்பிழை என்றால் என்னவென்று பத்திரிகைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் எழுத்துத் தவறினால் வாழ்த்துச் செய்தி மரண அறிவித்தலாகிவிடும்.

நல்ல நிலையிலுள்ள கே-ராஸ் எங்கள் எல்லோரது உடம்பிலும் இருக்கின்றது. கலங்கள் பெருகுவதில் அதற்குப் பங்குண்டு. காயம் ஆறுவதிலும் பங்குண்டு. (இந்திய வாசகர்கள் ‘கலம்’ என்பதை ‘உயிரணு’ என்று வாசித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.) அதன் தொழிலை எங்கள் பகுதி விவசாயிக்கு மதகைக் காட்டி விளக்கலாம். தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்து தண்ணீர் வருகின்றது. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வட்டவிதானையிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்ல, மதகு திறக்கும். போதுமென்றால் மதகு மூடும். கலத்தின் வெளிச்சுவரிலே ‘ஈ.ஜீ.எப்.ஆர்.’ என்ற ஓர் ஏற்பி இருக்கின்றது. “வளர்” என்ற செய்தியை வெளியிலிருந்து வாங்குவது அதுதான். அந்தச் செய்தி உள்ளே போனதும் கே-ராஸ் என்ற மதகு திறந்து, அடுத்தடுத்த புரதங்களின் வழியாகக் கட்டளை கலத்தின் கருவுக்குப் போய்ச் சேர்கின்றது. வேலை முடிந்ததும் கே-ராஸ் தன்னைத்தானே மூடிக்கொள்கின்றது. 12ஆம் இடத்திலோ 13ஆம் இடத்திலோ பிழை வந்துவிட்டால் இந்த மூடுகின்ற சக்தி போய்விடுகின்றது. யாரும் கேட்காமலே, துருப்பிடித்துச் சிக்கிக்கொண்ட மதகைப்போல அது திறந்தபடியே கிடக்கின்றது. அப்படிச் சிதைந்து புற்றை ஊட்டுகின்ற பரம்பரையலகைத்தான் ‘ஒன்கோஜீன்’ என்கின்றனர்.

இந்த ஒரு பிழையே புற்றுநோயாகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேர்ட் வோகல்ஸ்டீனும் எரிக் பியரனும் 1990இல் வகுத்த வரைபடம் இன்றுவரை பாடப்புத்தகங்களில் நிற்கின்றது. அதன்படி, பெரும்பாலும் முதலில் கெடுவது ‘ஏ.பி.சி.’ என்ற காவற் பரம்பரையலகு. அதனால் குடலின் உட்சுவரிலே ‘பொலிப்’ என்னும் சிறு முளை தோன்றுகின்றது. பின்னர் கே-ராஸ் கெடுகின்றது, முளை பருக்கின்றது. அதன்பின் ‘பி-53’ போன்ற வேறு காவல்களும் விழுந்த பிறகே அது புற்றாகிச் சுவரைத் துளைக்கின்றது. இதற்கெல்லாம் பொதுவாகப் பத்து வருடமளவில் செல்கின்றது. இந்தப் பத்து வருடம் எங்களுக்குக் கிடைத்திருக்கின்ற பெரிய அவகாசம். ‘கொலனோஸ்கோப்பி’ செய்து முளையாக இருக்கும்போதே கிள்ளி எடுத்துவிட்டால் பின்னால் வருவது வராது.

அந்த அவகாசத்தை எங்கள் ஊர்களில் பெரும்பாலும் ‘மூலவியாதி’ என்ற சொல் தின்றுவிடுகின்றது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம். வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறிமாறி வந்தால் வாயு. உடல் மெலிந்தால் யோசனை. கடைசியில் ஊரிலே ஒரு நாட்டுவைத்தியரின் பொடி. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகின்ற உறுப்பில் வருகின்ற நோய் என்பதால் மனைவிக்குக்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களிடமும் பெண்களிடமும் அதிகம் காணப்படுகின்ற முதல் ஐந்து புற்றுநோய்களுக்குள் பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய் வந்துவிட்டது. இது ஏதோ வெள்ளைக்காரர் நோய் என்றிருந்த காலம் போய்விட்டது.

என் ராத்தாவின் கணவருக்கும் அப்படித்தான் நடந்தது. கிண்ணியாவில் பிறந்து, வயலும் மாடுமாக வாழ்ந்தவர் மச்சான். தாம்பத்தியக் கூச்சமும் ஆண்மைக் கூச்சமும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்தார். 2017இல் அவருக்கு 61 வயதானபோது இரத்தசோகையில் விழுந்த பிறகுதான் கொழும்புக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் கட்டி, ஈரலிலும் படர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் இரசாயன சிகிச்சைக்காக மகரகமவுக்கு அலைச்சல் தொடங்கியது.

கிண்ணியாவிலிருந்து மகரகம எவ்வளவு தூரமென்பது வரைபடத்தில் தெரியாது. நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றாலே ‘பாதை’யில் கடல் கடக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கின்றேன், வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்கின்ற மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். 2009இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஆயினும் குடலில் சத்திரசிகிச்சைத் தையலோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகின்றவனுக்குப் பாலம் பாதித் தூரத்தைக்கூடக் குறைத்துவிடவில்லை. 2011இல் நாட்டின் தென்கோடியிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ வழிசெய்தார்கள். தூரம் என்பதும் இந்த நோயின் ஓர் அறிகுறி என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

இரசாயன சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஊசியைப் பற்றிய கதை வீட்டுக்குள் வந்தது. வார்ட்டில் அறிமுகமான யாரோ சொன்னார்களாம். வெளிநாட்டு மருந்து, ‘செட்டுக்ஸிமாப்’ என்று பெயர், புற்றை மட்டும் குறிவைத்து அடிக்கும், விலைதான் பல இலட்சம். கட்டாரில் இருந்த மூத்த மருமகன் கடன் எடுப்பதாகச் சொன்னான். அது போதாது. மிஞ்சியிருந்தது இரண்டு ஏக்கர் வயற்காணி. எங்கள் பகுதி முஸ்லிம்களிடம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வது வழக்கம். அந்தக் காணி இளைய மகளின் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்தது. ராத்தா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “வீடு பொறவு கட்டலாம் தம்பி, மனிசன் பொறவு கிடைப்பாரா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காணிக்கு ஆளும் பார்த்தாயிற்று.

டொக்டர் மட்டும் தடுத்தார். “ஊசிக்கு முதல் ஒரு ரெஸ்ட் செய்யுங்கள். சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டு மெழுகுக்கட்டியில் பதித்து ஆய்வுகூடத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, கே-ராஸ் பார்க்க அனுப்புங்கள்” என்றார். மாதிரி இந்தியாவுக்குப் போய் முடிவு வர மூன்று வாரம் சென்றது. முடிவில், 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக அஸ்பார்ட்டிக் அமிலம். பெருங்குடற் புற்றில் மிக அதிகமாகக் காணப்படுகின்ற கே-ராஸ் பிழை அதுதான். “இந்த ஊசி உங்களுக்கு வேலை செய்யாது. காணியை விற்க வேண்டாம்” என்றார் டொக்டர்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள நான் பல இரவுகள் வாசிக்க வேண்டியிருந்தது. செட்டுக்ஸிமாப் என்பது ஈ.ஜீ.எப்.ஆர். ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, “வளர்” என்ற செய்தி வந்து சேராமல் தடுக்கின்ற மருந்து. அதாவது வட்டவிதானையின் வாயைப் பொத்துகின்றது. மதகு ஒழுங்காக இருந்தால் தண்ணீர் நின்றுவிடும். மதகே திறந்தபடி சிக்கியிருந்தால் வட்டவிதானையின் வாயைப் பொத்தி என்ன பயன்? அமெரிக்காவில் இம்மருந்து 2004இல் பெருங்குடற் புற்றுக்கு அனுமதிக்கப்பட்டபோது இந்த வேறுபாடு பார்க்கப்படவில்லை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 572 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், பாதுகாத்து வைத்திருந்த 394 பேரின் கட்டித் துண்டுகளை எடுத்து கே-ராஸ் பார்த்தார்கள். முடிவு 2008 ஒக்டோபரில் வெளியானது. அவர்களில் 42.3 வீதத்தினரிடம் பிழை இருந்தது. பிழை இல்லாதவர்கள் மருந்தோடு நடுமட்டக் கணக்கில் 9.5 மாதமும், மருந்தில்லாமல் 4.8 மாதமும் வாழ்ந்தனர். பிழை உள்ளவர்களோ மருந்தோடு 4.5 மாதம், மருந்தில்லாமல் 4.6 மாதம். இந்த நான்கு எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ராத்தாவிடம் காட்டினேன். எழுத்து வாசனை அதிகமில்லாத அவர் அந்தக் கடைசி இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்து, “ரெண்டும் ஒண்டுதானே” என்றார். அன்றோடு காணிப் பேச்சு நின்றது.

ஆனால் ஊர்ப் பேச்சு நிற்கவில்லை. ‘மருந்தில்லையென்று கைவிட்டுட்டாங்க’ என்பது ஒன்று. அது தவறு. கே-ராஸ் பிழை மறுப்பது ஒருவகை மருந்தைத்தான். வழமையான இரசாயன சிகிச்சையை அது மறுப்பதில்லை. மச்சானுக்கு அது தொடர்ந்தது. கொஞ்சம் பலனும் கொடுத்தது. மற்றொன்றுதான் விஷமாக இருந்தது. முடிவைத் தமிழில் யாருக்கோ விளக்கியபோது ‘பரம்பரையலகில் பிழை’ என்று சொல்லியிருக்கின்றார்கள். அது இரண்டு தெரு கடப்பதற்குள் ‘பரம்பரை வியாதி’ ஆகிவிட்டது. இளைய மருமகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அவள் என்னிடம் வந்து கேட்டது இன்னும் காதில் இருக்கின்றது: “மாமா, வாப்பாட நோய் எனக்கும் இருக்கா?”

மாப்பிள்ளையின் பெரியவர்களை அழைத்து உட்காரவைத்து நான் சொன்னதை இங்கேயும் சொல்கின்றேன். பரம்பரையலகு என்பது பிறக்கும்போது பெற்றோரிடமிருந்து வருவது உண்மை. ஆனால் வாழ்நாளில் ஒரு கலத்துக்குள் அதன் பிரதியில் பிழை விழுவதும் உண்டு. மச்சானின் கே-ராஸ் பிழை அவரது குடலில் ஒரு கலத்தில் விழுந்து அந்தக் கட்டிக்குள் மட்டும் பெருகியது. அது அவரது வாப்பாவிடமிருந்து வரவுமில்லை. அவரது பிள்ளைகளுக்குப் போகவுமில்லை. புத்தகத்தின் ஒரு பிரதியில் விழுந்த மைக்கறை அந்தப் பிரதியோடு போகும். அடுத்த பதிப்பில் வராது.

இதோடு முடித்திருந்தால் பாதி உண்மை சொன்னவனாகியிருப்பேன். உண்மையாகவே பரம்பரையாக வருகின்ற பெருங்குடற் புற்றுக்களும் உண்டு. ‘லிஞ்ச்’ என்ற நிலையும், குடலில் நூற்றுக்கணக்கில் முளைகள் தோன்றுகின்ற வேறொரு நிலையும் அவற்றில் முக்கியமானவை. அவற்றுக்குக் காரணம் வேறு பரம்பரையலகுகள், கே-ராஸ் அல்ல. டொக்டர் அதையும் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கு என்ன புற்று, எந்த வயதில் என்று வரிசையாகக் கேட்டறிந்து, அவ்வகை அல்லவென்று சோதித்தும் பார்த்த பின்னரே சொன்னார். அதேவேளை, பெற்றோரிலோ சகோதரரிலோ ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே பிள்ளைகள் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவதென்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். இதையும் அந்தப் பெரியவர்களிடம் மறைக்கவில்லை. அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, தனக்கும் ஆறுமாதமாக இரத்தம் போவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவரை கிளினிக்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவருக்கு இருந்தது மூலம்தான், அல்ஹம்துலில்லாஹ்!

2018இல் அந்தக் காணியின் ஒரு பகுதியை விற்று, மிஞ்சியதில் வீடு எழுந்தது. கல்யாணத்தன்று மச்சான் கதிரையில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். மறுவருடம் அவர் மௌத்தானார்.

அவர் போன பிறகு இந்தத் துறையில் நடந்தவற்றையும் பதிந்துவிடுகின்றேன். கே-ராஸ் புரதம் மருந்து ஒட்டுவதற்கு இடமில்லாத வழுக்கைப் பந்து போன்றது என்று முப்பது வருடம் சொல்லிவந்தார்கள். 2013இல் கலிபோர்னியாவில் கெவான் ஷோகாட் என்பவரின் குழு, 12ஆம் இடத்தில் ‘சிஸ்டைன்’ வந்த வகையில் மட்டும் ஒரு சிறு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அதில் பொருந்துகின்ற ‘சொட்டோராசிப்’ என்ற மாத்திரை 2021இல் நுரையீரற் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முதற்கட்ட ஆய்வறிக்கை 2020இல் வந்தபோது, ஆசிரியர் வரிசையில் சுரேஷ் ராமலிங்கம், ராமசாமி கோவிந்தன் என்ற பெயர்களைக் கண்டு ஒரு தமிழனாக மகிழ்ந்தேன். ஆனால் அதே அறிக்கையில், நுரையீரற் புற்றுள்ளவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குக் கட்டி சுருங்கியிருக்க, பெருங்குடற் புற்றுள்ள 42 பேரில் மூவருக்கே சுருங்கியிருந்தது. குடற் கலங்களில் மதகை மூடியவுடன் ஈ.ஜீ.எப்.ஆர். வழியாக இரட்டிப்பு வேகத்தில் கட்டளை வந்து வேறு வாய்க்காலைத் திறந்துவிடுகின்றதாம். எனவே மதகையும் மூடி, வட்டவிதானையின் வாயையும் பொத்த வேண்டும். அவ்வாறே ‘அடாகிராசிப்’ என்ற மருந்தைச் செட்டுக்ஸிமாப்புடன் சேர்த்து 2024இலும், சொட்டோராசிப்பைப் ‘பனிட்டுமுமாப்’ என்ற மருந்துடன் சேர்த்து 2025 ஜனவரியிலும் பெருங்குடற் புற்றுக்கு அமெரிக்கா அனுமதித்தது. தனியே பயனற்றதென்று தள்ளிய மருந்து, துணையோடு திரும்பி வந்திருக்கின்றது. இந்தச் சிஸ்டைன் வகை பெருங்குடற் புற்றுக்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடமே உண்டு. மச்சானுக்கு இருந்த வகைக்கான மருந்துகள் 2025இல் மனிதரிடம் பரிசோதிக்கப்பட்டு வந்தன.

ஆகவே ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பத்திரிகையில் காணும்போது, எந்தப் புற்று, எந்த உறுப்பு, எந்தப் பிழை என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று படர்ந்த பெருங்குடற் புற்றுக்குச் சிகிச்சை தொடங்குமுன் கே-ராஸோடு ‘என்-ராஸ்’, ‘பி-ராப்’ ஆகியவற்றையும் பார்ப்பது உலக வழமை. கட்டி குடலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுகூட மருந்துத் தேர்வில் கணக்கிலெடுக்கப்படுகின்றது.

கடைசியாக, லண்டனிலும் டொரொன்டோவிலும் டோஹாவிலும் மெல்பேர்னிலும் இருந்து இதை வாசிக்கின்ற உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும்; மருந்துக்கு இத்தனை இலட்சம் வேண்டுமென்பார்கள். நீங்களும் மறுபேச்சின்றி அனுப்புவீர்கள்; அது எங்கள் மண்ணின் குணம். அனுப்புங்கள். அதற்கு முதல், “கட்டியை ரெஸ்ட் செய்தாச்சா? ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்புங்க” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பரிசோதனைக்கான செலவு, விற்கப்போகின்ற காணியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். மருந்து வேலை செய்யுமென்று முடிவு வந்தால் துணிந்து வாங்கலாம். செய்யாதென்றால், அந்தப் பணத்தில் நோயாளி கொழும்பில் தங்க ஓர் அறை எடுக்கலாம், இரவு பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு வாகனம் பிடிக்கலாம், வலிக்கு நல்ல வைத்தியம் பார்க்கலாம். அவருக்குப் பின்னால் வாழப்போகின்ற பிள்ளைகளுக்கும் ஏதாவது மிஞ்சும்.